கீழப் பள்ளம்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நானும் உங்கள் மகள் வாலுவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்க வேண்டியதில்லை. கப்பல் அறிக்கைதான் தினமும் காலையில் அலுவலகத்தில் எல்லோருக்கும் வந்துவிடுகிறதே. காற்று எப்படி, பனி எப்படி, பயணத் தலைவரான நீங்கள் சாப்பாட்டு மேசையில் என்ன நகைச்சுவை சொன்னீர்கள் என்பதுவரை அதில் இருக்கிறது. என் புருஷன் நேற்று சிரித்தாரா இல்லையா என்பதை நான் தட்டச்சுக்காரியோடு சேர்ந்து படித்துத் தெரிந்துகொள்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. மேல் வீட்டுக் குளியலறை ஒழுகல் இப்போது நம் கூடத்துச் சுவருக்கு வந்துவிட்டது. மேல் வீட்டுக்காரரிடம் சொன்னால், தன் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நிற்கவில்லை என்கிறார். எப்படி நிற்கும், எல்லாம்தான் எங்களுக்கு வந்துவிடுகிறதே. கீழ் வீட்டுக் கண் மருத்துவர் குடும்பம் மாற்றலாகிப் போகிறது. அவர்கள் போவதில் வாலுவுக்கு வருத்தமில்லை. அவர்கள் வீட்டு நாய் போவதில்தான் சாப்பாடு இறங்கவில்லை.

வாலுவின் வகுப்பில், அப்பா செய்கிற வேலையைச் செய்து காட்டச் சொன்னார்களாம். அப்பா வேலையை அம்மா செய்து காட்டினேன். இது நமக்குப் புதிதா என்ன. உப்புத் தண்ணீரை ஒரு டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, பாதி உறைந்ததும் வெளியே எடுத்தோம். கட்டியைக் கழுவி நக்கிப் பார்த்துவிட்டு, 'இதுல உப்பே இல்லம்மா' என்றாள். உறையாமல் மிஞ்சிய தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்ததும் முகம் எட்டுக் கோணலாகப் போனது. பனிக்கட்டி உப்பைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளாது, வெளியே தள்ளிவிடும் என்று சொன்னேன். 'பாவம் உப்பு' என்றாள். பாவப்படாதே, வெளியே தள்ளின உப்புதான் மிச்சத் தண்ணீரைக் கனமாக்கும், கனமான தண்ணீர் அடியில் இறங்க ஆரம்பித்தால் அதை நிறுத்த ஆள் கிடையாது என்றேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது போலிருக்கிறது, ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

நீங்கள் போய்ச் சேரப்போகிற தென்துருவத்து விரிகுடாவில் குளிர்காலம் முழுக்க நடப்பதும் இதுதான் என்று அவளுக்கு விளக்கினேன். நிலத்தில் இருந்து இறங்குகிற காற்று, உறைகிற பனியை உறைய உறையக் கடல் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். தண்ணீர் மறுபடி திறந்துகொள்ளும், மறுபடி உறையும். ஒவ்வொரு முறையும் பனி நல்ல தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிட்டுப் போகும். அந்தக் கடுங்குளிர் உப்புத்தண்ணீர் விரிகுடாவின் தரையில் சேர்ந்து சேர்ந்து, விளிம்பு வழியாக வழிந்து, சரிவில் இறங்கி, ஆழ்கடலின் அடித்தளத்துக்குப் போய்விடும். அங்கிருந்து உலகத்தின் மறுபாதி வரைக்கும் ஊர்ந்து போகும். மறுபடி மேலே வர நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். மேலே இருக்கும்போது பிடித்துக்கொண்ட காற்றைத்தான் அது அடியில் இருக்கிற உயிர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. அது நின்றால் ஆழ்கடல் மூச்சடைத்துப் போகும். வாலு எல்லாம் கேட்டுவிட்டு, 'இதெல்லாம் அப்பா கண்டுபிடிச்சதா' என்றாள். இல்லை, இது எல்லோருக்கும் தெரிந்தது என்றேன். அப்பா என்ன கண்டுபிடித்தார் என்று கேட்டாள். டப்பாவைக் கழுவப் போய்விட்டேன்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கப்பலில் இருந்து திரையில் பேசின கூட்டத்தில் நானும் இருந்தேன், கடைசி வரிசையில். உங்களுக்கு என் முகம் தெரிந்திருக்காது. விளிம்பில் வைத்த கருவிகளில் கனத்த தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது, எல்லோரும் அது நின்றுவிட்டது என்று பயப்படுகிறார்கள், ஆனால் நிற்கவில்லை, வாசலை மாற்றிக்கொண்டு பக்கத்துப் பள்ளம் வழியாக இறங்குகிறது என்று சொன்னீர்கள். ஒரு நாள் யோசித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று தோன்றியது என்றும் சொன்னீர்கள். இயக்குநர் கை தட்டினார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, இப்படிப்பட்ட மூளையோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

சட்டென்று தோன்றியது யாருக்கு? வாலு பிறந்த பிறகு கடலுக்குப் போகாமல், அவள் தூங்குகிற நேரமெல்லாம் கணக்குப் போட்டு, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று தேடினவள் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மேசைத் துணியை இரண்டு இடத்தில் மடித்துப் பள்ளமாக்கி, 'தண்ணி கீழப் பள்ளம் வழியா இறங்குதுங்க' என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ம் என்றீர்கள். அந்த ஒரு ம்மில் முழுவதையும் விழுங்கிவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

வயிறு எரிகிறது. இதை நாகரிகமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இந்த யோசனை என் மனைவியுடையது என்று இயக்குநருக்கும் கப்பலில் இருப்பவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள். ஒரே ஒரு வரி. எழுதினால், அந்தப் பள்ளத்தைப் பற்றி நான் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, உடனே சொல்கிறேன். கூட்டத்தில் உங்கள் வரைபடம் திரையில் வந்தபோது வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டேன். அதைத் திறப்பது இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

வாலு முத்தம் அனுப்பச் சொன்னாள். குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மனைவி.

* * *

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் பதில் வந்தது. குடை இல்லாமல் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு ஃபோனில் படித்தேன். படித்து முடித்தபோது பேருந்து போய்விட்டிருந்தது. பரவாயில்லை, நடந்து வர நேரம் கிடைத்தது, அந்த நேரம் எனக்குத் தேவைப்பட்டது.

'நமக்குள்ள என்ன உன் பேரு என் பேரு' என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது. நமக்குள் அப்படி ஒன்றும் இல்லையென்றால் என் பெயரையே போட்டிருக்கலாமே, ஏன் எப்போதும் உங்கள் பெயரே வந்து விழுகிறது? அடுத்த வரி அதைவிட அழகு. 'வீட்டுல பேசிக்கிட்டதுக்கெல்லாம் பேர் போட ஆரம்பிச்சா ரசத்துக்கு உப்பு சொன்னவங்களுக்கும் பேர் போடணும்.' இதைப் பக்கத்தில் இருந்தவரிடம் படித்துக் காட்டிச் சிரித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடைசியில், பள்ளத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதை நீங்கள் வந்த பிறகு ஆற அமரச் சொல்லலாம், இப்போது கருவி இறக்குகிற அவசரம் என்று முடித்திருக்கிறீர்கள்.

சரி. வீட்டுப் பேச்சு வீட்டோடு. இனி அதைப் பற்றி நான் வாயைத் திறக்கமாட்டேன், நீங்களே கேட்டாலும்.

கருவி இறக்குவதில் உங்களுக்கு நிகர் யாரும் இல்லை என்பதை நான் எங்கேயும் ஒளிக்காமல் சொல்வேன். நங்கூரத்தில் கம்பியைக் கட்டி, கம்பியில் கருவிகளைக் கோத்து, உச்சியில் மிதவைக் குண்டுகளை மாட்டிப் பனிக்கடலுக்குள் இறக்கிவிட்டு வந்தால், இரண்டு குளிர்காலம் கழித்துப் போய்ச் சமிக்ஞை கொடுத்ததும் அப்படியே மேலே வரும். உங்கள் கருவி ஒன்றுகூட இதுவரை கெட்டதில்லை. மற்றவர்களுடையது அறுந்துபோகும், மின்கலம் தீரும், பாசி படியும். உங்களுடையது ஒரு மணி நேரத்தைக்கூடத் தவறவிடாது. தண்ணீர் ஏன் ஓடுகிறது என்பதில் உங்களுக்கு எப்போதும் பொறுமை இருந்ததில்லை. அதற்குத்தான் வீட்டில் ஒருத்தி இருந்தாளே.

ஒரு சின்ன வேண்டுகோள். கப்பலில் உபரியாக ஒரு கருவித் தொகுதி இருக்கிறது. உங்கள் தொகுதிகள் எல்லாம் நீங்கள் சொன்ன பள்ளத்துக்கே போகட்டும். விளிம்புக்கு மறுபக்கத்தில், மேற்கே இருக்கிற அந்த இன்னொரு பள்ளத்தில் இந்த உபரியை மட்டும் இறக்க முடியுமா? ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இருந்தால் நல்லதுதானே என்று இயக்குநரிடம் கேட்டேன், தலைவர் சம்மதித்தால் தனக்குச் சம்மதம் என்றார். மிதவையில் என் பெயரை எழுதுங்கள். நீங்கள் எழுதப்போகிற கட்டுரையில்தான் இடமில்லை, ஒரு பந்தின் மேலாவது இருக்கட்டும். ஆசைக்குத்தான் கேட்கிறேன், மறுக்காதீர்கள்.

கூடத்துச் சுவரை, ஓட்டைக்கு நேர் கீழே என்று ஒரு இடத்தில் கொத்திப் பார்த்துவிட்டுக் குழாய்க்காரர் போய்விட்டார். அங்கே சுவர் சருகாகக் காய்ந்திருக்கிறது. ஒழுகல் இரண்டடி தள்ளி வருகிறது. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எந்தப் பக்கம் சாய்வு என்று கேட்காமல் வேலையை ஆரம்பிக்கிறவர்கள் எங்கேயும்தான் இருக்கிறார்கள்.

வாலுவுக்கு ஒரு பல் ஆடுகிறது. நீங்கள் வருவதற்குள் விழுந்துவிடும். கையுறையைக் கழற்றிவிட்டுக் கம்பியைத் தொடாதீர்கள்.

சொன்னதைக் கேட்டு நடக்கும்,
மனைவி.

* * *

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

கருவிகள் எல்லாம் இறங்கிவிட்டன, பின்னால் பனி மூடிக்கொண்டு வருகிறது, கப்பல் திரும்பிவிட்டது என்று இன்றைய அறிக்கையில் படித்தேன். அதற்காகத்தான் காத்திருந்தேன். இனி அந்தப் பக்கம் திரும்பிப் போக முடியாதே? முடியாது என்று கப்பல் தலைமை மாலுமியே எழுதியிருக்கிறார். நல்லது. இப்போது ஆற அமரப் பேசலாம்.

நீங்கள் பிறந்து வளர்ந்த இடத்தில் கீழத் தெரு என்றால் கிழக்கே இருக்கிற தெரு. மேலத் தெரு என்றால் மேற்கே இருக்கிறது. உங்கள் வீட்டார் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள், கல்யாணமான புதிதில் எனக்கு அது குழப்பமாகவே இருக்கும். நான் வளர்ந்தது அடுக்குமாடியில். எனக்குக் கீழ் வீடு என்றால் என் தரைக்கு அடியில் குடியிருக்கிற வீடு. கிழக்கும் மேற்கும் எங்கள் படிக்கட்டில் கிடையாது. ஏறுவது, இறங்குவது, அவ்வளவுதான்.

மேசைத் துணியை ஒரு மடிப்பு மேலாகவும் ஒரு மடிப்பு தாழ்வாகவும் இழுத்துவிட்டு, 'கீழப் பள்ளம்' என்று நான் சொன்னது ஆழமான பள்ளத்தை. இரண்டில் எது தாழ்வோ அது. அது மேற்கே இருக்கிறது.

நீங்கள் மேசையைப் பார்க்கவில்லை. காதில் விழுந்த சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் கிழக்கே இறக்கிவிட்டீர்கள்.

இதைக் கூட்டத்தில் உங்கள் வரைபடத்தைப் பார்த்த அந்த நொடியே கண்டுகொண்டேன். என் யோசனை திருடுபோனதும், திருடினவர் தப்பான பக்கம் ஓடுகிறார் என்பதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. அழுவதா சிரிப்பதா என்று ஒரு நிமிடம் தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த புதுப் பெண் ஒருத்தி எழுந்து, 'அந்தப் பக்கத்துக் கடல்ல தண்ணி இடப்பக்கம்தானே ஒதுங்கும், நீங்க வலப்பக்கம் போறீங்களே' என்று கேட்டாள். பூமி சுற்றுகிற சுற்றில் அங்கே ஓடுகிற தண்ணீர் இடப்பக்கம் ஒதுங்கும், தெற்கில் இருந்து வடக்கே பார்த்து இறங்குகிற தண்ணீருக்கு இடப்பக்கம் மேற்கு. முதல் வருடத்தில் படிப்பது. நீங்கள் சிரித்துவிட்டு, 'எல்லாரும் நெனைக்கிற எடத்துல தேடியா புதுசா கண்டுபிடிக்கிறது' என்றீர்கள். அவள் முகம் சுருங்கி உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு நீங்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை, ஏனென்றால் கணக்கு என்னுடையது, தப்பாக இருக்காது என்று உங்களுக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் நீங்கள் எனக்குக் கொடுத்த பெரிய மரியாதை அதுதான். அதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

ஒரு வரி எழுதச் சொன்னேன். எழுதியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீங்கள் ரசத்தைப் பற்றி எழுதினீர்கள்.

மேற்குப் பள்ளத்தில் உபரிக் கருவியை இறக்கினதற்கு நன்றி. பெயரும் எழுதினீர்களாம், மஞ்சள் மிதவையில் கறுப்பு வண்ணத்தில், படம் அனுப்பியிருந்தீர்கள். கையெழுத்து அழகாக வந்திருக்கிறது. அன்றைய கப்பல் அறிக்கையில், 'மேலப் பள்ளத்தில் ஒன்றை இறக்கியிருக்கிறோம். அறிவியலுக்காக அல்ல, என் மனைவியின் ஆறுதலுக்காக. அங்கே எதுவும் கிடைக்காது' என்று எழுதியிருந்தீர்கள். அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. தட்டச்சுக்காரி மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். நானோ எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அந்த நகைச்சுவை இப்போது நிறுவனத்தில் எல்லோர் கணினியிலும் இருக்கிறது. நாளைக்கு நீங்கள், அங்கே இறக்கினதும் நான்தானே, எனக்கும் அந்த எண்ணம் இருந்தது என்று சொல்ல முடியாதபடி நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள்.

அதற்கு மறுநாள் உங்கள் கடிதம். கருவியை விடுவதற்கு முன்னால் அளவுமானியை அடிவரைக்கும் இறக்கிப் பார்த்தபோது, அடியில் தண்ணீர் எதிர்பார்த்ததைவிட மிகக் குளிராகவும் உப்பாகவும் இருந்ததாகவும், அளவுமானியில் கோளாறு போலிருக்கிறது, வந்ததும் சரிபார்க்க வேண்டும் என்றும் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். காய்கறிக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டு படித்தேன். அங்கேயே கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் பயந்துபோய் 'என்னம்மா, கெட்ட சேதியா' என்றார். இல்லைங்க, நான் தேடின ஆள் கிடைத்துவிட்டார் என்றேன். உங்கள் கருவிக்கு வாழ்நாளில் கோளாறு வந்ததில்லை. அந்தத் தண்ணீரைக் கண்ணால் கண்டும் கருவியைத்தானே சந்தேகப்பட்டீர்கள்? அதுவும் நல்லதற்குத்தான். சந்தேகப்பட்டிருக்காவிட்டால் மிச்சத் தொகுதிகளையும் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடியிருப்பீர்கள்.

கடலுக்கு நான் துரோகம் செய்யவில்லை. தண்ணீர் நிற்கவில்லை, ஓடுகிறது என்பதை ஒரு கருவி இரண்டு குளிர்காலமும் எழுதிக்கொண்டிருக்கும். ஒன்று போதும். அந்தக் கருவி மேலே வரும் நாள்வரை நான் காத்திருப்பேன், காத்திருப்பது எனக்குப் பழக்கம். துரோகம் உங்களுக்குத்தான் செய்தேன். அதற்கு வருத்தப்பட முயற்சி செய்து பார்த்தேன். பாத்திரம் துலக்கும்போது, வாலுவுக்குத் தலை பின்னும்போது, அலுவலகத்தில் உங்கள் படத்துக்கு முன்னால் நிற்கும்போது. வரவில்லை.

வாலுவுக்குப் பல் விழுந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாக விசிலடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அப்பா என்ன கண்டுபிடித்தார் என்று மறுபடி கேட்டாள். வந்ததும் அவரையே கேள் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் மகளிடம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. அதை உங்களுக்கென்று விட்டுவைத்திருக்கிறேன்.

கண் மருத்துவர் காலி செய்த வீட்டுக்கு நானும் அவளும் குடிபோகிறோம். சாவி வாங்கியாயிற்று. ஒழுகுகிற சுவரை உங்களுக்கு விட்டுப்போகிறோம், மேல் வீட்டுக்காரரோடு நீங்களே பேசிக்கொள்ளுங்கள். வாலுவைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், தடையில்லை. எங்கே என்று குழம்ப வேண்டாம். கீழ் வீட்டில் இருப்போம். கிழக்கே தேடாதீர்கள்.

பத்திரமாக வந்து சேருங்கள். நீங்கள் இறக்கிவிட்டு வந்த கருவிகளுக்காகவும் மனதார வேண்டிக்கொள்கிறேன். ஒரு கம்பியும் அறாமல், ஒரு மின்கலமும் தீராமல், ஒரு மணி நேரத்தையும் தவறவிடாமல், அந்த வெறும் பள்ளத்தை இரண்டு குளிர்காலமும் ஒழுங்காக எழுதிக்கொண்டு, அவை எல்லாம் நல்லபடியாக மேலே வரட்டும்.

இப்படிக்கு,
கீழ் வீட்டுக்காரி.